தெற்குக் காற்றின் மூன்றாம் நாள்

அக்டோபர். தோங்கோய் வளைகுடாவில்
மூன்று நாளாய்த் தெற்குக் காற்று.
கரையோரத்து மேல்நீரை
மேசைவிரிப்பை உருவுவதுபோல்
உருவிக்கொண்டு போகிறது.
அந்த இடம் வெறுமையாய்க் கிடக்குமா?
அடியிலிருந்து வேறு நீர் ஏறுகிறது.

குளிக்கப் போனவர்கள் கணுக்காலோடு திரும்பினார்கள்.
கூழைக்கடாக்களுக்குக் கொண்டாட்டம்.
படகிலிருந்து இறங்கிய நொல்பெர்ட்டோ
"தண்ணி மாறிடுச்சு, யெர்கா" என்றான்,
கையுறையைக் கழற்றாமலே.

குஞ்சு பொரிப்பகத்தில் எனக்கு இரவுப் பணி.
நான்காம் தொட்டியில்
நாற்பது லட்சம் விசிறிச் சிப்பிகள்.
பிறந்து பதினெட்டு மணி நேரம்.
நுண்ணோக்கிக்குக் கீழே வெறும் துடிப்பு.
முட்டை கட்டிக்கொடுத்த கொழுப்பு தீருமுன்
முதல் ஓட்டைக் கட்டியாக வேண்டும்.
வாய் திறக்குமுன் வீடு.
சுண்ணாம்புக்குக் கடன் தர
யாருமில்லை அவற்றுக்கு.

மானி: ஏழு புள்ளி ஐந்து எட்டு.
ஜூலையில் எட்டில் நின்றது.
என் மைத்துனி கேட்டால் சிரிப்பாள்,
"அரைகூட இல்லையே, இதற்கா தூங்கவில்லை?"
இது வேறு மாதிரிப் படிக்கட்டு, மைத்துனி.
ஒரு படி இறங்கினால் பத்து மடங்கு அமிலம்.
அரைப்படிக்கும் குறைவாய்ச் சறுக்கினாலே
இரண்டரை மடங்கு.

விரலை நனைத்து நாக்கில் வைத்தேன்.
உப்பு. ஜூலையின் அதே உப்பு.
கடல் புளிக்கிறது என்கிறோம்,
இன்னும் அது காரத்தின் பக்கம்தான் நிற்கிறது.
வாசலை நோக்கி நகர்கிறது.
நாக்குக்கு அது எட்டாது.

வசந்தம் எப்போதும் இப்படித்தான்.
காற்றடிக்கும், அடிநீர் ஏறும், நெத்திலி கொழுக்கும்;
காற்று ஓய்ந்ததும் பாசி பூத்து
கரியை விழுங்கித் தீர்க்கும்.
சிப்பிகளின் பரம்பரைக்கு இந்த ஏற்ற இறக்கம் பழக்கம்.
இப்போது ஊஞ்சல் கட்டிய கிளையே
தாழ்ந்துகொண்டிருக்கிறது.

லா செரேனாவிலிருந்து மாதிரி எடுக்க வந்த பெண் சொன்னாள்:
இந்த நீர் கடைசியாய் வானம் பார்த்து
முப்பது வருடம் இருக்கலாம், நாற்பதும் இருக்கலாம்.
அன்று குடித்த காற்றை
இருட்டில் சுமந்தே வந்திருக்கிறது,
வழியில் அழுகியவற்றின் மூச்சையும் சேர்த்துக்கொண்டு.
நான் கணக்குப் போட்டேன்.
அப்பா அந்தகோயோ சுரங்கத்துக்கு
டீசல் லாரி ஓட்டிய வருடங்கள்.
அந்தப் புகையில்தான் படித்தேன்,
பல்லுக்குக் கம்பி போட்டுக்கொண்டேன்.
யாரைத் திட்டுவது?
நேற்று நான் ஓட்டிவந்த பழைய வண்டியின் புகை
எந்த அக்டோபரில்
யார் தொட்டிக்கு ஏறிவருமோ.

இரண்டு பத்துக்கு வெளி வால்வை மூடினேன்.
சலவைச் சோடா மூட்டையைப் பிரித்து
வாளியில் கரைத்து
கொஞ்சம் கொஞ்சமாய் ஊற்றினேன்.
ஏழு புள்ளி ஏழு. எட்டு. நிறுத்தினேன், மறுபடி ஊற்றினேன்.
தொட்டிக்கு மூட்டை இருக்கிறது.
ஜன்னலுக்கு வெளியே
வளைகுடா தன்பாட்டுக்கு அலையடித்தது.

கண்காணிப்பாளர் எலியுத்தேரியோவுக்கு ஒரு சீட்டு:
"இனி மாலை நான்கு மணிக்குத்தான் நீர் எடுக்கணும்.
பாசி பகல் முழுக்க வேலை பார்த்திருக்கும்.
சோடா தீர்ந்தது. காபியும்."

இரண்டாம் விடியலில் ஒரு சொட்டை எடுத்துப் பார்த்தேன்.
நறுக்கிய எலுமிச்சைப் பாதிபோல் ஓடுகள்,
ஒவ்வொன்றிலும் ஒளி சிலுவையாய்.
சிலவற்றின் கீல் கோணல்.
சில, ஓடே இல்லாமல்
இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன.

நூறில் அறுபத்தொன்று.
போன வருடம் இதே வாரம் நாற்பது.
இரண்டையும் எழுதிக் கோடு போட்டேன்.
பதினொரு மணிக்குத் தகரக் கூரை படபடத்தது.
வால்வு மூடியிருக்கிறதா என்று
இன்னொரு முறை போய்ப் பார்த்தேன்.