மூன்றாம் தட்டு

குளிர்ப்பெட்டியின் மூன்றாம் தட்டு ஹெல்வேயுடையது.
ஐந்தாண்டுக்கு முன் சதுப்பில் முழங்கால் புதைய
அவள் அள்ளிவந்த பாசி,
நாற்பத்தெட்டுக் குப்பிகளில்,
பென்சிலால் எழுதிய தேதியோடு.

முதலில் உர்மாஸ் கேட்டான்,
ஒரு வாரத்துக்குப் பாதித் தட்டு.
பரவாயில்லை என்றாள்.
பிறகு முதுகலைப் பையன் ஒருவன்
மீன்செதிள்களோடு வந்து நின்றான்.
பரவாயில்லை.
அந்த வாரம் எந்த நாட்காட்டியிலும் முடியவேயில்லை.
குப்பிகள் நெருங்கி உட்கார்ந்தன,
பேருந்தில் பருத்த ஆளுக்கு
ஒதுங்கிக்கொடுப்பவர்கள் போல.

தார்த்துவில் டிசம்பர் என்றால்
மூன்றரை மணிக்கே இருட்டு.
எங்கள் கட்டிடத்தில் ஆற்றைப் பார்த்த ஜன்னல்களில்
கடைசியாக அணைவது அவள் விளக்கு.
(அந்த ஆற்றுக்குப் பெயரே அம்மா ஆறு.)
கூட்டக் குறிப்பு எழுத அவள்.
அடுத்தவர் கட்டுரையில் காற்புள்ளி திருத்த அவள்.
விடைபெறும் பேராசிரியருக்குக் கேக் வாங்கவும் அவள்தான்,
யாருக்கு வாதுமை ஒத்துக்கொள்ளாது என்று
வேறு யாருக்குத் தெரியும்?

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால்
தன் பிள்ளை தானே வளருமாம்.
அவள் கட்டுரை
இரண்டாம் பத்தியிலேயே தவழ்ந்துகொண்டிருந்தது.

எனக்கெப்படித் தெரியும் என்கிறீர்களா?
எதிர்மேசை என்னுடையது.
'ஹெல்வேயிடம் கேளுங்கள், மறுக்கமாட்டாள்' என்று
கதவில் எட்டிப்பார்த்தவர்களையெல்லாம்
அவள் பக்கம் திருப்பிவிட்டது நான்.
அப்படி மிச்சமான மதியங்களில்
என் புத்தகம் முடிந்தது.
நன்றியுரையில் அவளுக்கு ஒரு வரி உண்டு.
அதில் இருந்த எழுத்துப்பிழையையும்
அவள்தான் திருத்தினாள்.

ஜனவரியில் அவளுக்குக் கடைவாய்ப்பல் பிளந்தது.
தூக்கத்தில் யாரோடு இத்தனை சண்டை என்று
பல் மருத்துவர் கேட்டாராம்.
பாதி முகம் மரத்திருக்க
மீதிப் பாதியால் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

மார்ச்சில் ஒரு நாள் உர்மாஸ் வந்தான்.
'உன் குப்பிகள் சும்மாதானே கிடக்கின்றன,
எடுத்துப் போட்டுவிடலாமா?'
அவள் வாய் திறந்தது.
வரப்போகும் சொல் எனக்கு மனப்பாடம்.
'மாட்டேன்.'
காதில் விழாமல் 'என்ன?' என்றான்.
முதல் முறை தவறிக்கூட வந்துவிடும்.
இரண்டாம் முறைதான் கடினம்.
சொன்னாள்.
கழுத்து சிவந்துபோயிருந்தது.

அன்றிரவு திரையில்
மன்னிப்புக் கடிதம் ஒன்று எழுதினாள், அழித்தாள்,
மறுபடி எழுதினாள்.
அனுப்பினாளா, தெரியாது.
எனக்கும் அவள்மேல் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது,
ஒத்துக்கொள்கிறேன்.
ஓடிக்கொண்டிருந்த மின்தூக்கி நின்றுபோனது போல.

வியாழன் கூட்டம்.
'குறிப்பு யார் எடுப்பது?'
பதினொரு முகங்கள் பழக்கத்தில் அவள் பக்கம் போயின.
அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
வெளியே ஆற்றில்
பனிக்கட்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போயின.
முகங்கள் கொஞ்சம் காத்திருந்தன.
பிறகு மேசையைச் சுற்றி,
ஆண்களையெல்லாம் தாண்டி,
மெதுவாக என்னிடம் வந்து நின்றன.

'சரி'யின் முதல் எழுத்து
ஏற்கனவே என் நாக்கில் ஏறியிருந்தது.