ஏழாம் பெட்டி

ஏழாம் பெட்டிப் பழைய ராணி
பாதிச் சனத்தோடு வெளிக்கிட்டுப் போய் ஒரு கிழமை.
சட்டத்தின் அடியில் விட்டுப்போனது
கச்சான் கோதுபோல் ஆறு அறை.
வேலைக்காரியாய் வந்திருக்க வேண்டிய முட்டைகள்தான்.
ஊட்டின பால் வேறு, அவ்வளவே.

முதலில் கோது வெட்டி வந்தவள்
மிச்ச ஐந்தின் விலாவிலும் துளை போட்டாள்.
இரவு பெட்டியில் காதை வைத்தேன்.
ஊதுகிறாள்: பீ… பீ…
பதில் ஊத ஒருத்தியும் மிச்சமில்லை.
முதுகில் சிவப்பு நகப்பூச்சு ஒரு பொட்டு வைத்துக்
கொப்பியில் எழுதினேன்:
மாசி பதினொன்று. ராணி ஒன்று. கன்னி.

எங்கட தேனீயில் ஆண்கள் பறப்பது நாலேகாலுக்கு.
அதுவரைக்கும் தேன் குடித்துக் கிடப்பார்கள்,
பின்னேர பஸ்சுக்கு நிற்கிற பெடியள்போல.
கூடுகிற இடமும் ஒன்றுண்டு,
உயர்ந்த மரத்தின் முடியருகே
வருசா வருசம் அதே வெளி.
போன வருசத்தவன் ஒருவனும் உயிரோடில்லை.
ஆர் வழி சொன்னது?

அந்த மரம் கம்பிக்கு உள்ளே நிற்கிறது.
பதினேழாம் திகதி
கட்டுவன் றோட்டு முடிகிற இடத்தில்
சைக்கிளைச் சாய்த்துவிட்டு
இலுப்பை முடியைப் பார்த்து நின்றேன்.
காவலரணில் இருந்தவன் இறங்கி வந்தான்.
"என்ன பாக்கிறது?"
"கலியாணம்."
"போட்டோ எடுக்க ஏலாது."
"எடுக்கேல்லை. மணி பாக்கிறன்."
அவனும் ஒருக்கா அண்ணாந்து பார்த்தான்.
வானத்தில் வானம் மட்டும்தான் இருந்தது.

காணாததைத்தான் சொல்கிறேன்.
அவளுக்குப் பின்னால் வால்போல் நீளுகிறார்கள்.
ஒருவன் எட்டிப் பிடிக்கிறான்.
இரண்டு நொடி, மூன்று நொடி.
சட்டைக் கையை உட்புறம் வெளியாய்ப் புரட்டுகிறமாதிரி
தன்னைப் புரட்டிக் கொடுத்து
பின்பக்கமாய் விழுகிறான், செத்தபடி.
அவன் விட்ட துண்டை அகற்றிவிட்டு அடுத்தவன்.
பிறகு அடுத்தவன்.
பத்தோ பதினைந்தோ.

உழக்கி வீட்டுக்கு வந்து மூச்சு விடவில்லை,
சிவப்புப் பொட்டு வாசல் பலகையில் இறங்கியது.
நாலு நாற்பது.
வயிற்று நுனியில் கடைசிக்காரனின் வெள்ளைத் துண்டு.
அவளுக்குள்ளே கடுகிலும் சின்னதாய் ஒரு பை.
ஆட்கள் போய்விட்டார்கள்,
அவர்களின் இலட்சங்கள் அதற்குள்ளே
இன்னும் இரண்டு மூன்று வருசம் உயிரோடிருக்கும்.

கம்பிக்குள்ளே கூரை போன வீடுகள்.
சுவருக்குச் சுவர் தேன் என்று
ஒருநாள் பாஸில் காணி பார்க்கப் போன பரஞ்சோதியர் சொன்னார்.
எங்கட வீடு நிற்குதோ தெரியாது.
நின்றால், குசினிச் சுவரில் ஒரு பொந்து இருக்க வேண்டும்,
நெருப்புப்பெட்டி வைக்கவென்று அப்பா விட்டது.
அதில் பிறந்த ஒருவனும்
அந்தப் பதினைந்தில் இருந்திருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.

அதே கிழமைதான் காணிப் படிவத்தை
நாலாம் தரம் நிரப்பிக் கொடுத்தது.
தகப்பன் பெயர். பாட்டன் பெயர்.

மாசி இருபது. முட்டை கண்டேன்.
அறைக்கு ஒன்று, அடியில் நட்ட வெள்ளை நூல்.
முன்காலால் அறையின் வாயை அளக்கிறாள்.
ஒடுக்கமென்றால் பையைக் கொஞ்சம் திறக்கிறாள்: மகள்.
அகலமென்றால் திறக்கிறதில்லை: மகன்.
அவனுக்குத் தகப்பன் இல்லை.
பாட்டன் இருக்கிறான், அம்மாவின் அப்பா.
படிவத்தில் ஒரு கோட்டை விட்டு
மற்றதை நிரப்புவான்.

பங்குனியில் அந்தப் பக்கம் போனபோது
அவனே இறங்கி வந்தான்.
"கலியாணம் முடிஞ்சது?"
"முடிஞ்சுது."
"மாப்பிள்ளை எத்தனை?"
இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.
அதற்குமேல் என்னிடம் விரல் இல்லை.
சிரித்தான். "இப்ப எங்க?"

"உங்கட பக்கம்தான்.
மரத்தடியில கிடப்பினம்."