உருளைக்கிழங்குத் தெருவில் ஒரு பழுது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்:
சரிசெய்தவன் நான்தான்.

வீவே கேட்டது ஒரு வயரை மட்டும்.
பிளக்கின் கழுத்தில் விரிசல், தொட்டால் பொறி,
மாற்றிக் கொடுத்தால் போதும் என்றாள்.
எட்டு யூரோவுக்குச் சந்தையில் வாங்கிய
சோவியத் காலத்துக் கீபோர்டு,
கன்றுக்குட்டியின் கனம்.
சறுக்குவண்டியில் கட்டி இரண்டு தெரு இழுத்துவந்தாள்,
மைனஸ் பத்தொன்பதில்.

தார்த்து நகரில் எங்கள் பேட்டைக்குப் பெயர்
சூப்புப்பேட்டை.
தெருவெல்லாம் காய்கறி.
அவள் குடியிருப்பது உருளைக்கிழங்கில்,
என் பட்டறை அவரையில்.

மூடியைக் கழற்றினேன்.
உள்ளே செத்த விட்டில் ஒன்று,
யாருடையதோ ஒரு கொண்டை ஊசி,
வயிறு உப்பிய இரண்டு கெப்பாசிட்டர்கள்.
கை சும்மா இருக்குமா?
இரவு இரண்டு மணிக்குள்
நாற்பத்தொன்பது கட்டைகளும்
முடி படிய வாரிய பிள்ளைகளாய்
வரிசையில் நின்றன, மீட்டர் சொன்ன இடத்தில்.
காசு வாங்கவில்லை.
ஊறுகாய் வெள்ளரி ஒரு ஜாடி தந்தாள்.

நான்காம் நாள் கௌப்போ வந்தான்,
தலையில் தொப்பிகூட இல்லாமல்.
"என்ன செய்தாய்?" என்றான்.
நன்றி சொல்லும் குரல் இல்லை அது.
போனில் பழைய பதிவை ஓட்டினான்.

முதலில் கன்னெல். மடியில் கிடக்கும் மரப்பெட்டி,
அதன் கம்பிகளை அவள் நகம் கிள்ளும் சத்தம்,
அடுப்பில் விறகு வெடிப்பது,
நாற்காலி ஒரு தரம்.
அடியில் மெஷின்.
நடுவிலிருந்து நான்காவது கட்டை
சற்றுக் கீழே தொடங்கி
மேலே ஏறப் பார்த்து
கடைசிப் படிக்கு முந்திய படியில்
மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது.
ஃப்ரிட்ஜ் ஓடத் தொடங்கும்போதெல்லாம்
மொத்த ஒலியும் ஒரு மயிரிழை சரிகிறது.
அப்போது வீவேயின் குரல்
அதற்காகக் காத்திருக்கிறது,
தெரு முனையில் நாயோடு வந்தவர் நிற்பதுபோல.
பாட்டே அந்தக் காத்திருப்புதான்.

"இப்போது யாருக்காக நிற்பாள்?" என்றான்.

குப்பைவண்டி செவ்வாயன்றே போய்விட்டது,
என் இரண்டு கெப்பாசிட்டர்களோடு.
பழுதைத் திரும்பக் கொண்டுவர என்னென்ன செய்தேன்!
ஒரு வயரைத் தளர்த்தினேன்.
கட்டைக்கடியில் தீக்குச்சி செருகினேன்.
முடி உலர்த்தும் மெஷினால் சூடுகாட்டினேன்.
(தேநீர் கொட்டியது விபத்து.)
பிழைகள் வந்தன, வராமல் இல்லை,
கூலிக்கு மாரடிக்க வந்தவை.
கேட்டவுடன் தெரிந்துவிடுகிறது.

மூவரும் அவள் சமையலறையில்.
சுருதிச் சாவியை எடுத்தாள் வீவே.
கன்னெலின் ஏழாம் கம்பியைக்
கால் திருகு இறக்கினாள்.
கேட்டாள். இல்லை.
இன்னும் கொஞ்சம்.
கிள்ளிவிட்டு, கம்பியின் வாலைப்
பெருவிரலால் அழுத்தினாள்.
சுரம் ஏறியது,
ஏறி,
கடைசிப் படிக்கு முந்திய படியில் நின்றது.

மெஷினில் நான் துடைத்தெறிந்தது
மரத்துக்குள் குடிவந்திருந்தது.
கௌப்போ சிரிக்கவில்லை.
ஹெட்போனை மாட்டிக்கொண்டு
"மறுபடி" என்றான்.

மார்ச்சில் வாசித்தார்கள்,
பழைய சலவைக்கூடம் ஒன்றில்,
ஈரக் கோட்டோடு முப்பது பேர் முன்னால்.
இரண்டாம் பாட்டில்
பக்கத்து ஆள் என் காதில் சொன்னார்:
கன்னெல் சுருதி சேரவில்லை;
மெஷின், பாவம், ஒழுங்காகத்தான் இருக்கிறது.

என் வாழ்நாளில் கிடைத்த
மிக நேர்த்தியான பாராட்டு,
வாங்கி எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

தலைக்கு மேலே டியூப்லைட் ஒன்று
முனகிக்கொண்டிருந்தது, பாட்டுக்குக்
கொஞ்சம் கீழே.
கோட்டுப் பையில் ஸ்க்ரூடிரைவர்.
பாட்டு முடியும்வரை
அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்,
வெளியே வந்துவிடாமல்.