நியூட்ரல்

தர்மபுரி அரசு மருத்துவமனை, பின்கட்டு,
போதை மீட்பு வார்டு. ஆறு கட்டில்.
காலையில் எழுந்த அரைமணிக்குள்
எச்சில் குப்பிகளை வாங்கி ஐஸ் பெட்டியில் அடுக்குவேன்.
கார்ட்டிசால் அப்போதுதான் உச்சிக்கு ஏறும்.
பிறகு படிவத்தில் உள்ளபடி கேட்பேன்:
குடிக்கணும்னு எவ்வளவு தோணுது,
பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்.

மூன்றாம் கட்டில் மாதப்பன் எண் சொன்னதே இல்லை.
பதினெட்டு வருஷம் பத்துச் சக்கர லாரி.
"இன்னிக்கு மூணாவது கியருங்க."
"செகண்டுல கட்டி எறங்கிட்டிருக்கேன்."
மூன்று என்று எழுதினேன். இரண்டு என்று எழுதினேன்.
பன்னிரண்டாம் நாள் சொன்னார்:
"நியூட்ரல்."
பூஜ்ஜியம் போட்டு
அடியில் சந்தோஷமாக ஒரு கோடும் இழுத்தேன்.

அன்று ராத்திரி
பின்சுவர் ஏறிக் குதித்துப் போய்விட்டார்.

*

பெங்களூரில் என் எலிகளுக்கு இரண்டு அறை.
ஒன்றின் சுவரில் கோடு, மற்றதில் புள்ளி.
கோட்டறையில் நாலு நாள் ஊசி போட்டால்
ஐந்தாம் நாள் ஊசி இல்லாமலே
அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.
காத்திருக்கிறது என்று கட்டுரையில் எழுதக் கூடாது.
தங்கிய நொடிகள் ஐந்நூற்றுப் பன்னிரண்டு
என்று எழுதுவோம்.

மாதப்பனை விடிகாலையில்
நல்லம்பள்ளி தாண்டி ஒரு புளியமரத்தடியில் பிடித்தார்கள்.
கடை அங்கே இல்லை.
ஊர்க்காரர்கள் மனுக்கொடுத்து
போன ஆடியிலேயே தூக்கிவிட்டார்கள்.
கம்பி வலை அடித்திருந்த ஆணி ஓட்டைகள் மட்டும் சுவரில்.
அந்தச் சுவருக்கு எதிரே நின்றிருக்கிறார்,
ஒரு சொட்டு குடிக்காமல், ராத்திரி முழுக்க.

"கடை இல்லைன்னு தெரியாதா?"
"எனக்குத் தெரியும் மேடம். காலுக்கு யார் சொல்றது?"

*

தொப்பூர் கணவாய் இறக்கத்தில்
டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவார்களாம்.
"பூ மாதிரி போவும். சத்தமே இருக்காது.
கியர்ல இருந்தா எஞ்சின் இழுத்துப் பிடிக்கும்.
நியூட்ரல்ல பிடிக்க ஆளில்லிங்க."
அப்புறம் பிரேக் எரியும் வாடை,
முன்னால் ஒரு வெள்ளை வேன்,
பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த
என்றவர் அத்தோடு நின்றுவிட்டார்.
விரல்கள் போர்வையைப் பிடித்தபடி அப்படியே.

கூண்டில் இந்த அசைவின்மைக்கு உறைதல் என்று பேர்.
பழக்கதோஷம், அளந்துவிட்டேன்.
பதினான்கு நொடி.

*

பன்னிரண்டாம் நாள் குப்பியின் முடிவு பிந்தித்தான் வந்தது.
மற்ற நாட்களைப்போல் இரண்டரை மடங்கு.
எச்சில் கத்தியிருக்கிறது,
நான் பூஜ்ஜியம் போட்டுக்கொண்டிருந்தேன்.

விடுதி அறையில் நாற்பத்தொரு பேரின் தாள்களைப் பரப்பினேன்.
எத்தனை பூஜ்ஜியம்!
"ஒண்ணுமில்லிங்க" என்று சொன்னவர்களில்
யார் நின்ற வண்டி,
யார் பிடிவிட்டு உருண்டுகொண்டிருந்த வண்டி?
தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன், அசட்டுத்தனமாக.

ஆய்வு விதிப்படி எதையும் அழிக்கக் கூடாது.
ஒற்றைக் கோடு கிழித்து, பக்கத்தில் புதியதை எழுதி,
கையொப்பம், தேதி.
அடிபட்ட எண் கண்ணுக்குத் தெரிந்தபடி இருக்க வேண்டும்.
பயம் தெளிந்த எலியின் மூளையும்
இப்படித்தான் திருத்திக்கொள்கிறது,
கூண்டை மாற்றிப் பார், பழைய எண் எழுந்து நிற்கும்.

மாதப்பனின் பூஜ்ஜியத்தைக் கோடிட்டேன்.
பக்கத்தில் என்ன எழுதுவது?
பேனா மை காய்ந்தது.

*

"இன்னிக்கு?"
"ஃபர்ஸ்ட் கியர். ஒரே இரைச்சல்.
நவுரவே மாட்டேங்குது சனியன்."
எண் கட்டத்தை விட்டுவிட்டு ஓரத்தில்
அவர் சொன்னதை அப்படியே எழுதினேன்,
சனியனையும் சேர்த்து.

ஜன்னலுக்கு வெளியே சேலம் ரோட்டில்
ஏதோ ஒரு பாரவண்டி அழுத்திப் பிரேக் போட்டது.
மாதப்பன் மூக்கு விடைத்தது.
குப்பியை நீட்டியபடி நின்றேன்.
"கொஞ்சம் இருங்க மேடம்," என்றார்,
"வாய் காஞ்சு கெடக்குது."