சமாதானம் பகிரும் நேரம்

ஏழு ஆண்டாகத் திருப்பலியில் என் இடம்
மூன்றாம் தூணுக்குப் பின்னால்.
அங்கிருந்து பீடம் தெரியாது,
ஆனால் ஸ்தாசிஸின் கையும் எட்டாது.

கொரோனா வருடம் சாமியார்
"கை கொடுக்க வேண்டாம், தலையசைத்தால் போதும்" என்றார்.
பங்கே வருந்தியது. நான்
ஆண்டவருக்கு நன்றி சொன்னேன், மனதார.

ஒரு எல்லைக் கல்தான் காரணம்.
இப்போது அதுவும் பனிக்கடியில்.
இருந்தாலும் அது எங்கே என்று
என் வாரிப் பலகைக்குத் தெரியும்.
ஒரு சாண் தாண்டாது.

இன்று புதன். தெல்ஷெய் முழுக்க
இரவெல்லாம் கொட்டியிருந்தது.
என் வாசலை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தேன்.
அவன் அடுக்களையில் விளக்கு. இருமல்.
இடுப்பு அறுவை முடிந்து பத்து நாள்தான் என்று
ரொட்டிக் கடையில் யாரோ சொன்னது
அப்போதா ஞாபகம் வரவேண்டும்?

நற்செய்தி வசனம் ஒன்றும் தோன்றவில்லை.
திட்டிக்கொண்டேதான் அள்ளினேன்,
அவன் அப்பனை, கல் நட்ட சர்வேயரை,
லித்துவேனியாவின் பிப்ரவரியை.
அவன் படி வரைக்கும்
ஓர் ஆள் கோலோடு நடக்கிற அகலம்.

கதவு திறந்தது.
நன்றி சொல்லிவிடுவானோ, அதை எப்படித் தாங்குவது என்று
குனிந்தபடியே நின்றேன்.

"வைதோதாஸ், ரோஜாச் செடி மேல
கொட்டிட்டியே. கிளை முறியும்."

பார்த்தேன். உண்மைதான்.
மறுபடி அள்ளினேன்.
என் பக்கம் கொட்டினேன்.

ஞாயிறன்று அந்தத் தூண் விஷயம்,
அதை இன்னும் யோசிக்கவில்லை.