பாக்கி

மழை இங்கே விருந்தாளி இல்லை, வீட்டுக்காரி.
சிலோயே தீவில் நாங்கள்தான்
அவளிடம் குடியிருக்கிறோம்.
அந்த ஞாயிறும் நனைந்துகொண்டே போனேன்,
பதினோரு குளிர்காலம் கழித்து,
கோயிலுக்கு.
செபம் சொல்ல அல்ல.
கயிறு கேட்க.

ஜூனில் கடல் என் கோழிக்கூட்டைத் தின்றது.
ஜூலையில் வேலியை.
ஆகஸ்டில் படுத்தபடியே கேட்டேன்,
சுவருக்கு அந்தப் பக்கம்
அது பல் குத்திக்கொண்டிருந்ததை.

எங்கள் ஊரில் வீடு நடக்கும்.
ஜன்னலைக் கழற்றி, அடியில் மரத்தடி செருகி,
மாடு பூட்டி இழுத்தால்
மேடேறிப் போய் நிற்கும்.
ஒற்றை ஆள் கூப்பிட்டால் நடக்காது.
ஊர் கூப்பிட வேண்டும்.
ஊர் என்றால் கோயில்தான், வேறு என்ன இருக்கிறது இங்கே,
ஒரு படகுத்துறை, ஒரு கடை, அதுவும் பாதி நாள் பூட்டு.

ஃப்ளோரிடோரைக் கடல் எடுத்த வாரம்
துக்கமணி அடிக்கச் சொன்னேன்.
"உடல் கிடைக்கட்டும், எடெல்மீரா"
என்றார் உபதேசியார் எர்மோஹெனெஸ்.
உடல் கிடைக்கவில்லை.
மணி அடிக்கவில்லை.
அவர் கெட்டவர் இல்லை, ஒழுங்கு தெரிந்தவர்.
அது அதைவிட மோசம்.

இன்னொன்றும் உண்டு, யாரிடமும் சொன்னதில்லை.
எங்கள் கோயிலைக் கட்டியவர்கள் படகுத் தச்சர்கள்.
கூரை, கவிழ்த்துப் போட்ட படகு.
அண்ணாந்தால் விலா எலும்பு விலா எலும்பாக மரம்.
படகுக்கு அடியில் சிக்கியவன்
கடைசியாகப் பார்த்தது
இதைத்தானே.
அதற்குக் கீழே உட்கார்ந்து
எப்படி நான் பாடுவது?

என் இடத்தில் ரொசால்பா பர்ரியா,
மடியில் மூக்கொழுகும் பிள்ளை.
எழுந்திருக்கவில்லை அவள்,
ஐயோ பாவம் என்று பார்க்கவும் இல்லை.
இரண்டு விரற்கடை நகர்ந்தாள்.
உட்கார்ந்தேன்.

சாமியார் படகேறி வருவது வருஷத்துக்கு இரண்டு தடவை.
மற்ற ஞாயிறெல்லாம் எர்மோஹெனெஸ்தான்,
வாசகமும் அவரே, இருமலும் அவரே.
மனதுக்குள் நான் பேச்சைக் கோத்துக்கொண்டிருந்தேன்,
மன்னிப்புப் போல இருக்கக்கூடாது,
சண்டை போலவும் இருக்கக்கூடாது.
அதற்குள் அவர் அறிவிப்பு படித்தார்:
மில்லாலோன்கோவின் செம்மறி ஒன்றைக் காணவில்லை.
பீடத் துணி துவைக்க இந்த வாரம் கார்கமோ வீட்டார்.
சனிக்கிழமை எடெல்மீராவின் வீடு.
மாடு உள்ளவர்கள் மாடு, இல்லாதவர்கள் தோள்.

நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

பிறகு, கையோடு கையாக,
அடக்க நிதிக் கணக்கு.
பெயர் பெயராகப் படித்து என்னிடம் வந்தார்:
"எடெல்மீரா நவெல்கின். பதினோரு வருஷம். பாக்கி."
யாரோ சிரித்தார்கள்.
எனக்குக் காது சுட்டது.
வெளியே வந்து நோட்டைப் பிடுங்கிப் பார்த்தேன்.
ஒவ்வொரு வருஷமும் என் பெயர்,
ஒவ்வொரு வருஷமும் எதிரே பாக்கி.
ஒரு வருஷம் மை தீர்ந்து பென்சிலில்.
எனக்காக யாரும் கட்டிவிடவில்லை,
அவ்வளவு நல்லவர்கள் இல்லை இவர்கள்.
ஆனால் ஒருவரும் அடிக்கவில்லை பெயரை.

சனிக்கிழமை ஆறு ஜோடி மாடு.
கயிறு ஒருமுறை அறுந்தது,
வசவுகள் அறுபது, கோயில்காரர்கள் வாயிலிருந்தே.
மேசைமேல் மறந்துவிட்ட ஒரு கோப்பைத் தண்ணீர்
மேடு சேருமுன் கொட்டிப்போயிற்று.
குழியில் சுட்ட சிப்பியும் கிழங்கும் போதவில்லை.
ரொசால்பா தன் ஆப்பிள் கள்ளைக் கொண்டுவந்தாள்,
பாதியை அவளே குடித்தாள்.

மறு ஞாயிறு காசோடு போனேன்.
பதினொன்றுக்கும் இருந்தது கையில்.
ஒரு வருஷத்துக்குக் கட்டினேன்.
"மீதி?" என்றார் எர்மோஹெனெஸ்.
"எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன்.

அவர் எழுதினார்.
தலை நிமிராமல், மணிக்கூண்டுப் பக்கம்
லேசாக முகத்தைத் திருப்பி,
"எங்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது" என்றார்.

தெரியும் என்றேன்.
இன்றுவரை அடிக்கவில்லை.
நானும் அவசரப்படுத்தவில்லை.