சிள்வண்டுகளை அடக்கும் வேலை

டிசம்பர் முதல் வாரம், மொந்தெவிதேயோ,
நிழலிலேயே முப்பத்தைந்து டிகிரி.
பிராதோவில் ஒரு பழைய வீட்டு வாசலில்
லாரியிலிருந்து பனியை இறக்கிக்கொண்டிருந்தார்கள்,
காகிதப் பனி, மூட்டை மூட்டையாக.

நார்வேயில் விற்கப்போகும் சூப் பொட்டலத்துக்கு.
அங்கே இப்போது பகல் ஆறு மணி நேரம்தானாம்.
எங்கள் வெளிச்சம் நீளம், கூலி குட்டை.
அதனால் அவர்களுடைய குளிர்காலம் எங்களிடம் வருகிறது,
விமானத்தில், பெட்டி கட்டிக்கொண்டு.

என் பதவிக்குப் பெயர் மெரித்தோரியா.
புண்ணியம் சேர்ப்பவள் என்று வைத்துக்கொள்ளலாம்.
சம்பளம் கிடையாது என்றும்.
முதல் நாள் முழுக்க காபி.
பதினேழு பேருக்கு எத்தனை கரண்டி சர்க்கரை என்று
மனப்பாடம் ஆகிவிட்டது,
லென்ஸ்களின் பெயர் ஒன்றுகூட ஆகவில்லை.

பிறகுதான் ஒலிப்பதிவாளர் கெர்வாசியோ
ஹெட்போனைக் கழற்றிவிட்டு அண்ணாந்து பார்த்தார்.
தெரு நெடுக பிளேன் மரங்கள்,
மரத்துக்கு நூறு சிள்வண்டு.
பனி பெய்யும் ஊரில் சிள்வண்டு கத்தலாமா?
மைத்தே என் கையில் ஒரு மூங்கில் கம்பைத் திணித்தாள்.
"ரோல் சொன்னதும் அடி."

அடித்தால் நாற்பது நொடி மௌனம்.
எண்ணிப் பார்த்தேன், மூலை மரம் மட்டும் முப்பத்தெட்டு.
பிறகு ஒன்று தொண்டையைச் செருமும்,
எதிர்மரம் பதில் சொல்லும்,
தெருவே மறுபடி கொதிக்கிற எண்ணெய்.
இரண்டு நாள் இதுதான் என் திரைப்படக் கல்வி.
உள்ளங்கையில் கொப்புளம்.
நாயோடு போன ஒருவர் நின்று கேட்டார்,
அந்த மரம் என்ன குற்றம் செய்தது என்று.

ஜன்னலுக்கு உள்ளே ஒரு குடும்பம்.
நுவேவா எல்வேசியாவிலிருந்து பஸ்ஸில் கூட்டிவந்த
பொன்னிற முடிக்காரர்கள், ஒருவருக்கொருவர் உறவில்லை.
அம்மாவாக உட்கார்ந்திருந்த ஒர்னெல்லா
மற்ற நாட்களில் பாலாடைக்கட்டி எடை போடுகிறவள்.
கம்பளிச் சட்டைக்குள் அவள் முதுகில்
ஐஸ் பை கட்டியிருந்தோம்.
சூப் எப்போதோ ஆறிவிட்டது. கிண்ணத்துக்குப் பின்னால்
வெந்நீரில் நனைத்த பஞ்சு ஒளிந்துகொண்டு
அதற்காக மூச்சுவிட்டது.
சின்னப் பையன் ஒவ்வொரு வாயையும் வாளியில் துப்பினான்.
இருபத்து மூன்றாவது தடவை விழுங்கிவிட்டு
"பசிக்குது" என்றான்.
யாரும் சிரிக்கவில்லை.

கடைசி ஷாட்டில் நான் அந்த வாளியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ரோல் சொன்னது காதில் விழவில்லை.
கத்தல் கிளம்பியதும் பதறி ஓங்கினேன்,
தாமதமாக, பலமாக,
மரத்தை விட்டுவிட்டு இரும்புக் கேட்டை.
ஒர்னெல்லா திடுக்கிட்டு
கரண்டியும் கையுமாக ஜன்னலைப் பார்த்தாள்.
மைத்தே வாக்கிடாக்கியில் என் பெயரைச் சொன்னாள்,
முழுப் பெயரையும்,
அம்மா கோபத்தில் சொல்வது போல.

படிவத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் தந்தார்கள்.
நாற்பத்திரண்டு மணி நேரம்.
'கற்றுக்கொண்டவை' என்ற கட்டத்தில்
'சத்தத்தைக் குறைத்தல்' என்று எழுதினேன்.

ஜனவரியில் விளம்பரம் வந்தது.
தொடக்கம் முதல் முடிவு வரை பியானோ.
என் மௌனங்கள், அறுபது எழுபது இருக்கும்,
ஒன்றைக்கூட அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் பத்தொன்பதாவது நொடியில்
ஒரு பெண் கரண்டியை நிறுத்தி நிமிர்கிறாள்,
பனிக்கு அந்தப் பக்கம்
யாரோ வந்துவிட்டது போல.
கீழே ஓடும் வரியை அகராதி வைத்துப் படித்தேன்:
'வருகிறவருக்கும் ஒரு கிண்ணம்.'

வந்தது நான்தான்.
கம்போடு, வியர்வையோடு, வேலை போய்விடும் என்ற பயத்தோடு,
சம்பளமே இல்லாத வேலை.
நான்காம் முறை ஓடவிட்டபோது
எழுந்து போய் ஜன்னலைத் திறந்து வைத்தேன்,
அந்த நார்வேக்காரக் குடும்பமும்
கொஞ்சம் கேட்கட்டும் என்று.